டேங்கு இழுத்த மூச்சு

கடற்கரையில் எஞ்சின் மெக்கானிக்காகப் பிழைத்துக்கொண்டு, ஒரு நாள்கூடப் படகில் கால் வைக்காத ஆளைப் பார்த்ததுண்டா? சதுரங்கப்பட்டினத்தில் அப்படி ஒருத்தன் இருந்தான். சாலமோன் என்று பேர். சொந்த ஊர் கருங்குழி. அப்பனும் பாட்டனும் அடுத்தவன் நிலத்தில் நட்டும் அறுத்தும் முதுகொடிந்து போனவர்கள். இவனுக்கு மட்டும் சின்ன வயசிலிருந்தே நெல்லின் மேல் கண் இல்லை, வரப்போரம் ஓடிய பம்புசெட்டின் மேல்தான். பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற பம்புசெட்டு. ஜாக்குலினைக் கட்டிக்கொண்டு மாமியார் ஊருக்கு வந்தபோது, கட்டுமரத்தை ஓரம் கட்டிவிட்டு ஃபைபர் படகு வந்துகொண்டிருந்த காலம். படகின் பின்னால் மாட்டியிருந்த மோட்டாரும் பெட்ரோலில் எழுந்து மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜாதிதான். "அட, இது நம்ம பம்புசெட்டுக்குப் பங்காளிடா!" என்று சொல்லி, டச்சுக் கோட்டைக்குப் போகிற வழியில் ஓலைக்கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனிடம் சில பிடிவாதங்கள் உண்டு. முதலாவது, எஞ்சின் கரைக்கு வரலாம், அவன் கடலுக்குப் போகமாட்டான். நீச்சல் தெரியாது, பயம். அதை மறைக்கவும் மாட்டான். இரண்டாவது, ரிப்பேர் முடிந்த மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் நிறுத்தி, தன்னுடைய சொந்த கேனிலிருந்து சுத்தமான எண்ணெய் கொடுத்துத்தான் ஓட்டிக் காட்டுவான். வந்தவன் டேங்கில் என்ன குப்பை இருக்குமோ யார் கண்டது? டேங்கைத் தனியாகத் திறந்து, எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைப்பான். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் வந்து நின்றுகொள்ளும்.

மூன்றாவது பிடிவாதம்தான் முக்கியம். மீன்காரர்கள் மோட்டாருக்கும் டேங்குக்கும் வெள்ளிக்கிழமை சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணி போட்டுத் தேய்க்கிற சாலமோன் அந்தப் பொட்டை மட்டும் தொடமாட்டான். "நாம வேற சாமி கும்புடறவங்க. அவங்க சாமிக்கு வெச்சத நம்ம கை அழிக்கக் கூடாது" என்பான். மூடியைத் திறந்தாலும் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகுவான். அந்த மரியாதைக்காகவே குப்பத்தில் அவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

தொண்ணூற்றெட்டு மாசியில் தாமோதரன் தன் இரும்பு டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடி உடைந்துபோயிருந்தது. "மச்சான், ஒரு மூடி போட்டுக் குடு. கடலுக்குப் போவாம வூட்ல குந்திக்கினு இருந்தா என் பொண்டாட்டி என்னியே கொழம்பு வெச்சிருவா" என்று சிரித்தான். அவன் பெண்டாட்டி பேர் வேண்டா. வீட்டில் வரிசையாகப் பிறந்த பெண்களில் கடைசி, இனிப் பெண் போதும் என்று வைத்த பேர். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. சாலமோன் ஒரு தடித்த பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து, வாய்க்குச் சரியாகச் சீவி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நட்டநடுவில் காற்றுக்கு ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். நடுவில் போட வேண்டும் என்று சட்டமா? இல்லை. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று போட்டான்.

அந்த வாரமே தாமோதரன் செத்துப்போனான்.

சனிக்கிழமை விடிந்ததும் தம்பி செங்கல்வராயனோடு படகை இறக்கினான். கரைக்கு அப்பால் ஒரு மணல்திட்டு உண்டு. அலை அங்கே ஒரு தரம் எழும்பி உடையும். எஞ்சின் வேகத்தில் அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் கவலை இல்லை. சரியாக அந்தத் திட்டின் மேல் மோட்டார் செத்தது. படகு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு திரும்பியது, கவிழ்ந்தது. தம்பி நீந்திக் கரையேறினான். அண்ணன் மண்டையில் படகு விழுந்தது. உடம்பு மறுநாள் தெற்கே ஒதுங்கியது.

மோட்டாரையும் டேங்கையும் சாலமோன் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். உப்புத்தண்ணீர் குடித்த மோட்டாரை உடனே கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும், துக்கம் என்று அது காத்திருக்காது. சாலமோன் முதலில் டேங்கை எடுத்தான். மூடி இறுக்கமாக இருந்தது. ஓரத்தைப் பிடித்துத் திருகினான்.

'ஸ்ஸ்ஸ்' என்று டேங்கு மூச்சை உள்ளே இழுத்தது.

தண்ணீரில் முங்கியவன் கடைசியாக வாயைத் திறந்து இழுப்பானே, அந்த மூச்சு. சாலமோன் மூடியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டான். அவனுக்குக் கோட்டையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. ஜாக்குலின் வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். "தாமோதரன் மூச்சு விட்டான்டி" என்றான் அவன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து எந்த டேங்கைத் திறந்தாலும் முதலில் காதைத் தூர வைத்துக்கொள்வான். மூச்சு வராது. ஆனால் வந்துவிடுமோ என்கிற திகில் மட்டும் தினமும் வந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மெக்கானிக் கை வைத்த வாரத்திலேயே ஆள் போய்விட்டானே என்று மெல்லப் பேச்சு கிளம்பியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வேண்டா மட்டும் அப்படிப் பேசவில்லை. "அண்ணாத்த இன்னா பண்ணும்? எங்க தலையெழுத்து" என்று அவன் எதிரிலேயே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாலமோன் அந்த மாசங்களைத் தள்ளினான்.

படகைச் செப்பனிட்டு, மோட்டாரைச் சரிபார்த்து, செங்கல்வராயன் மறுபடி கடலில் இறங்கியபோது ஆவணி பிறந்துவிட்டது. இறங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வேண்டாவே குளித்துவிட்டு வந்து மோட்டாருக்கும் டேங்குக்கும் பொட்டு வைத்தாள். தாலி அறுத்தவள் வைக்கலாமா என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். "எனக்குத்தான் அழிச்சீங்க. எஞ்சினுக்கு யாரு அழிச்சா?" என்று கேட்டாள் வேண்டா.

படகு மணல்திட்டுக்குப் போனது. மோட்டார் நின்றது.

அன்றைக்குக் கடல் அமைதி, அதனால் பிழைத்தார்கள். கொட்டகைக்கு வந்த மோட்டாரைச் சாலமோன் பிரித்தான். கார்புரேட்டர் சுத்தம், ஃபில்டர் சுத்தம், பாட்டிலில் தண்ணீர் இல்லை. டிரம்மில் நிறுத்தி, தன் கேனைக் கொடுத்து ஓட்டினான். கல்யாணக் குதிரை மாதிரி ஓடியது. திருப்பிக் கொடுத்தான். மறுபடியும் அதே திட்டு, அதே சாவு. மூன்றாம் தரமும் அப்படியே ஆனதும் செங்கல்வராயன் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல மச்சான். அண்ணன் நிறுத்துது. வெத்தல பாக்கு கடல்ல போட்டு, 'அண்ணா, வுட்டுரு'ன்னு மூணு தபா கூப்ட்டேன். அப்பறம் கயித்த இழுத்தா கப்புனு எடுத்துக்கிச்சு. இதுக்கு இன்னா சொல்ற?"

சாலமோனுக்கு முதுகில் சில்லென்றது. அந்த மூச்சைக் கேட்டவன் அவன்.

பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. கூட வந்த ஆட்கள் அந்தப் படகில் ஏறமாட்டோம் என்றுவிட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தாமோதரன் தன் பொருளைக் கேட்கிறான், வருகிற அமாவாசைக்கு மோட்டாரைத் திட்டிலேயே இறக்கி அவனுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்த வேண்டாவுக்கு அந்த மோட்டாரை விட்டால் ஒன்றும் கிடையாது. படகும் மோட்டாரும் இருக்கிற வரைதான் மீனில் அவளுக்குப் பங்கு.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் அவள் கொட்டகைக்கு வந்தாள். ஜாக்குலின் கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை.

"அண்ணாத்த, நான் ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. அன்னிக்குக் காலீல எனுக்கும் அவருக்கும் சண்ட. போம்போது 'போய்த் தொல'ன்னு சொல்லிட்டேன். தொலஞ்சிட்டாரு. அந்தக் கோவந்தான் நின்னுக்கினு கீது. என் வாய்தான் அவரக் கொன்னுது." அழவில்லை, அழுது முடித்த குரல் அது. "நீ ஒரு தபா போட்ல போய்ப் பாரு. எஞ்சின்தான் நிக்குதா, அவருதான் நிறுத்துறாரா, நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன். அவருதான்னா, நானே மோட்டார எடுத்துக் கடல்ல போட்டுடறேன்."

ஜாக்குலின் புருஷனைப் பார்த்தாள். முழங்கால் ஆழத்துக்கு மேல் கடலில் இறங்காதவன். அவன் எழுந்து, ஸ்பேனரை மடியில் செருகிக்கொண்டு, "வா தங்கச்சி" என்றான். ஏன் அப்படிச் சொன்னோம் என்று படகில் ஏறுகிற வரைக்கும் அவனுக்கே விளங்கவில்லை.

செங்கல்வராயன் படகை ஓட்ட, சாலமோன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கரையில் வேண்டா சின்னப் புள்ளியாக நின்றாள். வடக்கே அணுமின் நிலையத்துக் குவிமாடம், பின்னால் கோட்டைச் சுவர். டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகிற குழாயின் நடுவில், எண்ணெயை அமுக்கித் தள்ள ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். கடலைப் பார்க்கப் பயந்து, சாலமோன் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால்தான் கண்ணில் பட்டது. உருண்டையாக இருந்த குமிழ் மெல்ல ஒட்டிக்கொண்டே வந்தது, பசித்தவன் வயிறு மாதிரி. திட்டு நெருங்கியபோது தட்டையாகிவிட்டது. மோட்டார் இரண்டு தரம் இருமியது, நின்றது.

"வந்துட்டாரு" என்றான் செங்கல்வராயன். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் கடலில் போட்டான். "அண்ணா, வுட்டுரு... அண்ணா, வுட்டுரு..." சொல்லிக்கொண்டே, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க டேங்கு மூடியைத் திருகித் திறந்தான்.

'ஸ்ஸ்ஸ்.'

அதே மூச்சு! சாலமோன் பலகையிலிருந்து துள்ளி விழுந்தான். ஆனால் கண்முன்னாலேயே தட்டையாகக் கிடந்த ரப்பர் குமிழ், அந்த மூச்சோடு சேர்ந்து, புஸ்ஸென்று பழையபடி உருண்டது. செங்கல்வராயன் மூன்றாம் தரமும் அண்ணனைக் கூப்பிட்டு, மூடியைப் போட்டு, கயிற்றை இழுத்தான். மோட்டார் எடுத்துக்கொண்டது.

அவன் எண்ணெய் பார்த்ததைக் கணக்கிலேயே வைக்கவில்லை. வெற்றிலையைத்தான் வைத்தான்.

சாலமோன் மூடியைப் பார்த்தான். அவன் சீவிப் பொருத்திய மூடி. நட்டநடுவில், அவன் ஆணியால் சுட்டு ஓட்டை போட்ட அதே இடத்தில், காய்ந்து கல்லாய் இறுகிய சந்தனம், அதன் மேல் குங்குமம். டேங்கிலிருந்து எண்ணெய் இறங்க இறங்க காலியாகிற இடத்துக்கு அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்கு எண்ணெயைக் கொடுக்காது, தொண்டையைப் பிடித்த மாதிரி நிறுத்திவிடும். டேங்கு நிரம்ப எண்ணெயோடு கிளம்புகிற படகு ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் சாகும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், நோய் போய்விடும். கொட்டகையில் அவன்தான் மூடியைத் திறந்து திறந்து நோயை விரட்டியிருக்கிறான். தன் கேனைக் கொடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். பொட்டு அழியக் கூடாதென்று ஓரத்தைப் பிடித்துத் திருகியிருக்கிறான். தூ, என்ன மரியாதை!

பேய் இல்லை. அந்தச் சந்தோஷம் அவனுக்கு ஒரு கண்ணிமைப்புத்தான் இருந்தது. மூடி புதுசாக வந்த வாரம், புதுப்பொருளுக்கு வைக்கிற மாதிரி வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தவள் யார்? வேண்டா. சனிக்கிழமை தாமோதரன் செத்தான். 'என் வாய்தான் அவரக் கொன்னுது' என்கிறாள். கையும்தான் என்று போய்ச் சொல்வதா? அதைக் கேட்டுவிட்டு அவள் உயிரோடு இருப்பாளா? சொல்லாமல் விட்டால் நாளைக்கு மோட்டார் கடலில். ரகசியமாக ஓட்டையைக் குத்திவிட்டு வந்தால் படகு ஓடும். ஆனால் தாமோதரன் கோபம் தணிந்து விட்டுவிட்டான் என்பார்கள், காலத்துக்கும் அவள் தன் வாயைச் சபித்துக்கொண்டு கிடப்பாள். பேய் போக வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும்.

செங்கல்வராயன் மோட்டார் பக்கம் திரும்பியிருந்தபோது மூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். டேங்கு வாயில் பழந்துணியைச் சுற்றி, "கரைக்கு வுடு" என்றான். வழியில் ஒரு இடத்திலும் மோட்டார் நிற்கவில்லை. செங்கல்வராயன் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

கரையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வேண்டா அலைக்குள் இறங்கி வந்து படகைப் பிடித்தாள். "அவரா?" என்றாள்.

"அவரு இல்ல தங்கச்சி. அவரு உன் மேல கோவமாவே இல்ல." சாலமோன் படகிலிருந்து இறங்கினான். "மூடி. நான் போட்ட மூடி. அதுல காத்துக்கு ஓட்ட போடணும், நான் மறந்துட்டேன். காத்து இல்லாம எண்ண வரல. அன்னிக்கும் அதான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் செங்கல்வராயன் படகிலிருந்து குதித்து வந்து அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டான். "மூணு தபா பிரிச்சுப் பார்த்தியேடா! மூடி எங்கடா?"

"கடல்ல வீசிட்டேன்."

இரண்டாவது அறை விழுந்தபோது வேண்டா நடுவில் வரவில்லை. சாலமோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மணலில் உட்கார்ந்து, தாமோதரன் பேரைச் சொல்லி, அத்தனை மாசமும் அழாத அழுகையை அழுதாள்.

குப்பத்தில் இனி எவனும் சாலமோனிடம் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஜாக்குலினிடம் மட்டும் மூடியைக் காட்டிச் சொன்னான். "பைத்தியமாய்யா நீ? செய்யாத கொலைக்கு எவனாச்சும் தலையக் குடுப்பானா? நம்ம புள்ளைங்க முகத்துல எவன் முழிப்பான்?" என்று கத்தினாள். அப்புறம் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பொட்டு கொஞ்சமும் அழியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணிமணியைக் கட்ட ஆரம்பித்தாள்.

முட்டுக்காட்டில் சவாரிப் படகுகளின் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு காலம் ஓடியது. மூடி ஸ்பேனர் பெட்டியின் அடியில் கிடந்தது. எறிய மனசு வரவில்லை, துடைக்கக் கை வரவில்லை. மூச்சுச் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தான். நிற்கவில்லை. காரணம் தெரிந்தும், டேங்கைத் திறக்கும்போதெல்லாம் காதைத் தூர வைத்தான். நடுவில் ஓட்டை போட்டவன் நீதானே என்று அது கேட்பதுபோல் இருக்கும்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு கரை நெடுக மோட்டார்கள் உப்பும் மண்ணும் தின்று கிடந்தன. கட்டுப்பாட்டை நினைக்க யாருக்கும் தெம்பில்லை. சாலமோன் மாமல்லபுரம் கரையில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, வந்த மோட்டாரையெல்லாம் கழுவிக் கொடுத்தான். ஒரு நாள் மத்தியானம் தலையில் டேங்கைச் சுமந்துகொண்டு வேண்டா வந்து நின்றாள். முடி நரைத்திருந்தது. டேங்கை அவன் முன்னால் இறக்கினாள். நாலு பக்கமும் சந்தனம் குங்குமம். மூடியில் ஒன்றும் இல்லை.

"அண்ணாத்த, உன்னிய ஒண்ணு கேக்கணும். உன்னிய ஊரவுட்டு அனுப்பினாங்களே, அப்பறம் வேற ஆளு ஒரு மூடி போட்டுக் குடுத்தான். அதுக்கும் நான் வெள்ளிக்கெழம பொட்டு வெச்சேன். மோட்டாரு நின்னுப்போச்சு. என் கொழுந்தன் ஊக்கால குத்திட்டு, 'ஓட்ட மேல வெச்சிட்ட பாரு அண்ணி'ன்னு சிரிச்சுக்கினு போயிட்டான். அவன் சிரிச்சான். எனுக்கு அன்னிலேருந்து தூக்கம் இல்ல." அவள் அவன் கண்ணையே பார்த்தாள். "நீ போட்ட மூடியில ஓட்ட இருந்துச்சா?"

சாலமோனுக்குக் காலடியில் மணல் நழுவியது. ஊரையும் பேரையும் கொடுத்து எதை அவளுக்குத் தெரியாமல் மறைத்தானோ, அதை அவள் தனியாகவே சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். அத்தனை வருஷம்!

"இல்ல தங்கச்சி. ஓட்டையே போடல."

"உன் சாமி மேல சத்தியம் பண்ணு."

பொய்ச் சத்தியம் என்றால் என்ன பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பேனர் பெட்டி அவன் முழங்காலை ஒட்டி இருந்தது. உள்ளே அடியில், குங்குமத்தோடு, அந்த மூடி. பெட்டியின் மேல் எண்ணெய்க் கையை வைத்தான்.

"ஏசு மேல சத்தியமா, அந்த மூடியில ஓட்ட இல்ல. மறந்தவன் நான்தான்."

வேண்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அப்போ நான் இல்ல" என்றாள். இன்னொரு தரம், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நான் இல்ல" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எண்ணையில தண்ணி கலந்துகினு கீதான்னு பாரு அண்ணாத்த, வெயில்ல குந்தறேன்" என்று சொல்லி, தார்ப்பாய்க்கு வெளியே போய் உட்கார்ந்தாள்.

சாலமோன் கண்ணாடிப் பாட்டிலை எடுத்தான். காதைத் தூர வைத்துக்கொண்டு அவள் டேங்கின் மூடியைத் திருகினான். மூச்சு வரவில்லை.